திறந்த பாட்டில் எண் ஒன்று

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அந்த பாட்டில் திறக்கப்பட்டது. திறந்தவர் கால்பந்து நடுவர். ஆட்டம் பாதியில் இருக்கும்போது தலை சுற்றுகிறது என்று கோட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். ஸ்டோர்காரர் ஓடிப்போய் ஒரு விளையாட்டுப் பானம் எடுத்துவந்து கொடுத்தார். நடுவர் மூடியைத் திருகினார். நாலு மிடறு குடித்தார். முகத்தைச் சுளித்தார். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். மிச்சம் முக்கால் பாட்டில்.

அந்த மைதானத்தின் பண்டக அறையை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்பவர் ஸ்டோர்காரர். பந்து, வலை, ஈட்டி, சுண்ணாம்புத் தூள் எதுவும் அவர் கையெழுத்து இல்லாமல் வெளியே போனதில்லை. ஆனால் பானம் திரும்பி வந்தது இதுவே முதல் முறை. ஓடுகிறவர்களும் உதைக்கிறவர்களும் மிச்சம் வைப்பதில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தார். அடியில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில், 'திறந்த பின் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும்' என்று இருந்தது. மைதானத்தில் இருந்ததே ஒரு பிரிட்ஜ்தான். அது இயக்குநரின் அறையில் இருந்தது. அதற்குள் ஒரு பூங்கொத்து இருந்தது. சிறப்பு விருந்தினர் யார் வந்தாலும் அதைத்தான் கொடுப்பார்கள். விருந்தினர் அதை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போவார். பூங்கொத்து மறுபடி பிரிட்ஜுக்குப் போகும். அந்த மாதம் மட்டும் மூன்று பேரை வரவேற்றிருந்தது. ரோஜாக்கள் காபி நிறத்துக்கு வந்திருந்தன.

சாயங்காலம் மகள் வந்தாள். பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவள். அன்றிலிருந்து இருபத்தேழாம் நாள் தேர்வு ஓட்டம். முதல் மூன்று பேருக்குப் பயிற்சி முகாமில் இடம். போன வருஷம் நாலாவதாக வந்தாள். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்.

மேஜைமேல் நின்ற பாட்டிலையும், அதன் எதிரே பேனாவோடு உட்கார்ந்திருந்த அப்பாவையும் பார்த்தாள்.

"செடிக்கு ஊத்திட்டு வாங்கப்பா. பஸ் போயிடும்."

"அப்படி ஊத்தலாம்னு எங்கயும் இல்லைம்மா. எழுத்துல கேட்டுட்டா நாளைக்கு யாரும் நம்மள ஒண்ணும் சொல்ல முடியாது."

நாலு வரியில் ஒரு குறிப்பு எழுதினார். திறந்த விளையாட்டுப் பானத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டுமா என்பதைத் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டினார். தேதி போட்டார். பஸ் போய்விட்டது.

நிர்வாக அலுவலர் குறிப்பை மூன்று முறை படித்தார். எதையும் எழுத்தில் கேட்டால்தான் அவர் காதில் விழும். வணக்கம் சொன்னால்கூட எழுத்தில் வாங்கிக்கொள்வார் என்று பயிற்சியாளர்கள் கிண்டல் செய்வார்கள். ஸ்டோர்காரரைக் கூப்பிட்டு, இதுவரை திறந்த பாட்டில்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். குடித்துவிடுவார்கள் என்றார் ஸ்டோர்காரர். எல்லாவற்றையுமா என்றார். எல்லாவற்றையும் என்றார். அப்படியானால் இந்த நிறுவனம் இருபத்திரண்டு வருஷமாக ஒரு முடிவும் இல்லாமல் பாட்டில் திறந்துகொண்டிருக்கிறது என்றார் நிர்வாக அலுவலர். ஸ்டோர்காரர் யோசித்துப் பார்த்தார். அதில் தவறு ஏதும் தெரியவில்லை. வியர்த்தது.

மதியத்துக்குள் ஆணை வந்தது. இந்தப் பொருளை ஆராய ஒரு குழு. குழுவின் முடிவு வரும் வரை மைதானத்தில் எந்த பாட்டிலும் திறக்கப்படக் கூடாது. ஏற்கெனவே திறக்கப்பட்டது இனிமேல் பானம் அல்ல, சான்று. அதற்குத் திறந்த பாட்டில் எண் ஒன்று என்று பெயர். ஆணையின் நகல் ஒன்று ஸ்டோர்காரருக்கு. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சான்றை எங்கே வைப்பது என்று அடுத்த சிக்கல் வந்தது. பிரிட்ஜில் வைத்தால், வைக்க வேண்டும் என்று குழு கூடும் முன்பே முடிவு செய்ததாகிவிடும். வெளியே வைத்தால், வேண்டாம் என்று முடிவு செய்ததாகிவிடும். நிர்வாக அலுவலர் சாப்பிடாமல் யோசித்தார். பிறகு பன்னிரண்டு மணி நேரம் உள்ளே, பன்னிரண்டு மணி நேரம் வெளியே என்று தீர்த்தார். காலை ஆறு மணிக்கு எடுக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு வைக்க வேண்டும். இரண்டு வேளையும் ஸ்டோர்காரர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இயக்குநர் அறைச் சாவியும் அவரிடமே தரப்பட்டது, அதற்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

வீட்டில் மனைவி கேட்டாள், நம் பிரிட்ஜில் ஒரு ஓரமாக வைத்திருந்தால் முடிந்திருக்காதா என்று. அலுவலகப் பொருளை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்றார்.

"அப்போ நீங்களும் அங்கயே இருந்துக்கங்க. உங்களை மட்டும் எதுக்கு தினமும் கொண்டுவர்றீங்க?"

மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் மறுநாள் ஆறு மணிக்கு அங்கே இருந்தார்.

அதில் ஒரு லாபம் இருந்தது. பண்டக அறை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். மகள் பயிற்சி முடிப்பது எட்டரைக்கு. அவள் ஓடி அவர் பார்த்தது போட்டி நாட்களில் மட்டும்தான். இப்போது சான்றை வெளியே எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, ஜன்னலில் நின்று பார்த்தார். முதல் பத்து சுற்று அவள் ஓடுவது ஓட்டமாகவே தெரியாது. ஏதோ ஞாபகம் வந்து வேகமாகப் போகிறவள் போல இருப்பாள். பதினாறாவது சுற்றில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு நொண்டிக்கொண்டே வேலிக்கு வெளியே இருக்கும் குழாய்க்குப் போவாள். முன்பெல்லாம் பயிற்சியாளர் ஓட்டத்தின் நடுவே ஒரு பாட்டில் நீட்டுவார். இப்போது கையை விரித்தார். நாலு நாள் தொடர்ந்து பதினாறாவது சுற்றிலேயே நின்றாள். ஐந்தாம் நாள் ஸ்டோர்காரர் ஜன்னலுக்குப் போகவில்லை.

குழு மூன்று முறை கூடியது. முதல் கூட்டத்தில், திறந்தது என்றால் என்ன என்று ஆராய்ந்தார்கள். மூடியின் வளையம் அறுந்தாலே திறந்ததா, மூடியைக் கையில் எடுத்தால்தான் திறந்ததா என்பதில் இரண்டு கருத்து இருந்தது. இரண்டும் பதிவு செய்யப்பட்டன.

இரண்டாவது கூட்டத்துக்கு நடுவரை அழைத்திருந்தார்கள். வாய் வைத்துக் குடித்தீர்களா, தூக்கி ஊற்றிக் குடித்தீர்களா என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு ஏழு ஆட்டம் நடத்திவிட்டேன், ஞாபகமில்லை என்றார் அவர். பிடிக்கவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருப்பதாகச் சொன்னார். அது பதிவு செய்யப்படவில்லை. பிறகு ஊட்டச்சத்து ஆலோசகர் எழுந்தார். குழுவில் படித்தவர் அவர் ஒருவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

"திறந்து ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல குடிச்சு முடிச்சா வெளிய இருக்கலாம். வாய் வெச்சுக் குடிச்சு மிச்சம் வெச்சா பிரிட்ஜ்ல வைக்கணும், ரெண்டு மூணு நாள்ல தீர்த்துடணும். இதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். ஆனா அரை நிமிஷத்துல சொல்லிட்டா என்னை எதுக்கு குழுவுல போட்டீங்கன்னு நாளைக்குக் கேள்வி வரும். அதனால ஆழமான ஆய்வு தேவைன்னு எழுதியிருக்கேன்."

இயக்குநர் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். சுவர் ஓரமாகச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்த ஸ்டோர்காரர், குடித்து முடித்த பாட்டில்களுக்கும் இந்தக் குழு பொருந்துமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கேள்வியே மிச்சத்தைப் பத்தித்தான்" என்றார் ஆலோசகர். "காலி பாட்டில் எங்க வரம்புலயே வராது."

இதையும் பதிவு செய்தார்கள்.

மூன்றாவது கூட்டம் நேரடிப் பார்வை. ஐந்து பேர் இயக்குநர் அறையில் பிரிட்ஜைச் சுற்றி நின்றார்கள். கதவைத் திறந்தார்கள். பூங்கொத்து இருந்தது. அதன் அருகே, மாலை ஆறு மணி ஆகிவிட்டபடியால், சான்றும் இருந்தது. பாட்டில் லேசாக உப்பியிருந்தது. கதவை மூடினார்கள். மூடிய பிறகு உள்ளே விளக்கு எரிகிறதா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். இருபது நிமிடம் அதைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் இயக்குநர், பூங்கொத்து விருந்தோம்பல் சம்பந்தப்பட்டது, அதை எந்தச் சூழ்நிலையிலும் நகர்த்த முடியாது என்று தெளிவுபடுத்தினார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

போட்டிக்கு மூன்று நாள் இருந்தபோது ஸ்டோர்காரர் நிர்வாக அலுவலரின் மேஜை முன் நின்றார். இருபத்தைந்து சுற்று, வெயில். வெளியிலிருந்து பானம் கொண்டுவர வீராங்கனைகளுக்கு அனுமதி கிடையாது. பாதையை விட்டு இறங்கினால் தகுதி போய்விடும். மேஜை போட்டு நாம்தான் பானம் வைக்க வேண்டும். அதை எப்படித் திறக்காமல் கொடுப்பது என்று வாயால் கேட்டார். தன் மகளும் ஓடுகிறாள் என்று சொல்லவில்லை. அது நிர்வாக அலுவலருக்கே தெரியும்.

"பானம் வைக்கணும்னு போட்டி விதி சொல்லுது. வெச்சிடுவோம். திறக்கணும்னு சொல்லலையே."

"தண்ணியாவது குடுக்கலாமா, சார்?"

"தண்ணி எதுல வரும்?"

"பாட்டில்லதான்."

"அப்புறம்?"

"டம்ளர்ல ஊத்தி..."

"டம்ளருக்கு மூடியே கிடையாது. அது எப்பவும் திறந்ததுதான்." நிர்வாக அலுவலர் பேனாவை மூடினார். "ஓட்டம் முடியறப்போ மேஜையில ஒரு பாட்டில்ல ஒரு வாய் மிச்சம் நின்னாலும் சரி, ரிசல்ட்டை நிறுத்தி குழுவுக்கு அனுப்பிடுவேன். முகாமுக்குப் பட்டியல் அன்னிக்கு அஞ்சு மணிக்கே போயாகணும், அதையும் மனசுல வெச்சுக்கங்க. சந்தேகம் இருந்தா எழுத்துல கேளுங்க."

ஸ்டோர்காரர் வெளியே வந்தார். பண்டக அறையில் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பேனாவைத் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்து மூடி வைத்துவிட்டு வலைகளை எண்ணப் போனார். இருபத்திரண்டு வருஷத்தில் எழுதாமல் விட்ட முதல் கேள்வி அது.

ஓட்டம் காலை ஏழு மணிக்கு. சிறப்பு விருந்தினர் பதினொன்று பத்துக்கு வந்தார். ஒன்பது பெண்கள் நாலு மணி நேரமாகக் காலை உதறிக்கொண்டு நின்றிருந்தார்கள். நிழல் மேடைக்கு மட்டும் போட்டிருந்தார்கள். பூங்கொத்து கொடுக்கப்பட்டது. விருந்தினர் அதை வாங்கி முகர்ந்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கு நமக்கு ரெட்டைச் சந்தோஷம். ஒண்ணு இந்த ஓட்டம். இன்னொண்ணு, நம்ம குழு காலையில முடிவு கொடுத்துடுச்சு. கடந்த இருபத்தாறு நாளா இந்த மைதானத்துல ஒரு பாட்டில்கூடத் திறக்கப்படலை. ஒரு சொட்டு வீணாகலை. எண் ஒன்று சான்றுதான், பானம் இல்லை. திறந்த பாட்டிலே இல்லாததால, அதை பிரிட்ஜ்ல வைக்கணுமாங்கற கேள்வியே எழலைன்னு குழு ஒருமனதா முடிவு பண்ணியிருக்கு. ஒரு பிரச்சினையை இவ்வளவு சுத்தமா தீர்த்த நிர்வாகம் வேற எங்கயும் இருக்காது. நம்ம பிள்ளைங்க தாகத்தோட ஓடறாங்கன்னு சிலர் சொல்றாங்க. தாகம் இருக்கறவங்கதானே ஓடுவாங்க."

கைதட்டல் முடிந்து துப்பாக்கி வெடித்தது.

மேஜை வளைவுக்கு அருகில் போடப்பட்டிருந்தது. அதன்மேல் ஒன்பது பாட்டில்கள், முத்திரையோடு, லேபிள் வெளியே தெரியும்படி. ஸ்டோர்காரர் பின்னால் நின்றார். ஓடுகிறவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் அந்த மேஜையைக் கடந்து போனார்கள். பத்தாவது சுற்று வரை யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு எல்லோரும் பார்த்தார்கள். பதினைந்தாவது சுற்றுக்குள் இரண்டு பேர் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மகள் ஐந்தாவதாக ஓடினாள். பதினாறாவது சுற்றில் கை கெண்டைக்காலுக்குப் போனது. நிற்கவில்லை. பதினேழில் உதடு வெளுத்திருந்தது. பாட்டில்களைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. பதினெட்டில் மேஜைக்கு நேராக வந்தபோது, "அப்பா" என்றாள். அவ்வளவுதான். தாண்டிப் போய்விட்டாள்.

ஸ்டோர்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையைத் தொட்டார். மடித்த காகிதம் தட்டுப்பட்டது. எடுத்து விரித்தார். இருபத்தாறு நாளாக அதைச் சுமந்துகொண்டிருந்தாலும், முதல் நாளுக்குப் பிறகு படிக்கவில்லை. 'குழுவின் முடிவு வரும் வரை' என்று இருந்தது. மேடையைப் பார்த்தார். மைக் இன்னும் நின்றிருந்தது. முடிவு வந்துவிட்டது. அரை மணி நேரத்துக்கு முன்பே, ஊருக்கே கேட்கும்படி வந்துவிட்டது.

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். முதல் பாட்டிலின் மூடியைத் திருகினார். வளையம் அறுந்த சத்தம் அவருக்கு மட்டும் பெரிதாகக் கேட்டது.

அடுத்த சுற்றில் முதலில் வந்தது மகள் இல்லை. எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்த நெட்டைப் பெண். திறந்த பாட்டிலைக் கண்டதும் கையை நீட்டினாள். ஸ்டோர்காரரின் கை ஒரு நொடி நின்றது. பண்டக அறையில் முகம் பார்த்துக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. கொடுத்தார். இரண்டாவதாக வந்தவளுக்கும் திறந்து கொடுத்தார். மூன்றாவது, நாலாவது. ஐந்தாவதாக மகள் வாங்கிக்கொண்டாள். கடைசி இருவருக்கும் கொடுத்தபோது அவர் விரல்கள் சிவந்திருந்தன.

மூன்றாவதாக ஓடியவள் ஒரே மூச்சில் அரை பாட்டில் குடித்துவிட்டு இருபத்தோராவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டாள். மகள் மூன்று மிடறு குடித்தாள். மூடியை இறுக்கினாள். அடுத்த சுற்றில் பாட்டிலை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள், எடுத்த இடத்தில். ஸ்டோர்காரர் வீட்டுப் பெண். மற்றவர்களும் அதைப் பார்த்து அப்படியே செய்தார்கள். இருபத்து நாலாவது சுற்றில் அவள் நாலாவதாக இருந்தாள். கடைசி நேர்கோட்டில் அவள் தோளும் முன்னால் போனவள் தோளும் ஒன்றாக வந்தன. கோட்டை ஒரு முழம் முன்னால் தொட்டாள். மூன்றாவது.

ஸ்டோர்காரர் கைதட்டவில்லை. மேஜையைப் பார்த்தார். ஏழு பாட்டில்கள். ஏழிலும் மிச்சம். மேடையில் நிர்வாக அலுவலர் எழுந்து நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு கோப்பு ஒன்றை அக்குளில் வைத்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே நடக்க ஆரம்பித்தார். நிதானமாக நடப்பவர். வேட்டை தப்பாது என்று தெரிந்தவர் நடப்பது போல.

புல்லில் கிடந்த பெண்களிடம் ஸ்டோர்காரர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"மிச்சம் வைக்காம குடிச்சிடுங்கம்மா. ஒரு சொட்டு இருக்கக் கூடாது."

யாரும் காரணம் கேட்கவில்லை. குடித்தார்கள். மகள் குடித்துவிட்டு பாட்டிலைத் தலைகீழாகக் காட்டினாள். ஆறு காலியானது. ஏழாவது பாட்டிலுக்கு ஆள் இல்லை. முதலாவதாக வந்த நெட்டைப் பெண்ணைப் பூங்கொத்து கொடுப்பதற்காக மேடைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அவள் பாட்டிலில் பாதி இருந்தது. நிர்வாக அலுவலர் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டார்.

இருபத்திரண்டு வருஷத்தில் பண்டக அறையிலிருந்து ஸ்டோர்காரர் ஒரு சுண்ணாம்புத் துண்டுகூடத் தனக்கென்று எடுத்ததில்லை. எத்தனையோ ஆயிரம் பாட்டில் கொடுத்திருக்கிறார். உள்ளே இருப்பது என்ன ருசி என்று அவருக்குத் தெரியாது. அண்ணாந்து குடித்தார். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் உப்பு, வெயிலின் சூடு. பிரிட்ஜில் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அதை அவர் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

நிர்வாக அலுவலர் வந்தார். ஏழு பாட்டில்களையும் எண்ணினார். யார் திறந்தது என்று கேட்டார். ஸ்டோர்காரர் ஆணையை எடுத்து விரித்து, அந்த வரியின் கீழே விரலை வைத்தார். நிர்வாக அலுவலர் அதை மூன்று முறை படித்தார். அவரே எழுதியது. ஓட்டை ஏதுமில்லை. ஒவ்வொரு பாட்டிலாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றிலிருந்து ஒரு துளி எட்டிப் பார்த்தது. விழவில்லை. அது விழுமா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கோப்பைத் திறந்து, முதல் மூன்று பேரின் பட்டியலில் கையெழுத்துப் போட்டு, பயிற்சியாளரிடம் கொடுத்தார். பயிற்சியாளர் அதை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

பேனாவை அவர் இன்னும் மூடவில்லை. புல்லில் வரிசையாக நின்ற காலி பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மெல்ல மாறியது. இந்தக் காலி பாட்டில்களை எங்கே வைக்க வேண்டும் என்று ஏதாவது விதி இருக்கிறதா என்று கேட்டார்.

பண்டக அறைக்குப் பின்னால் ஒரு சாக்கு இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் காலி பாட்டில்கள் அதில்தான் போகின்றன. மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். ஸ்டோர்காரர் குனிந்து ஏழு மூடிகளையும் பொறுக்கி, ஒவ்வொன்றாகப் போட்டு இறுக்கி முடித்தார்.

"எழுத்துல கேளுங்க, சார்."